ஒன்பது இலைக் கணக்கு

பெரியம்மா வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே ஜன்னல் பக்கம் போய்விடுவார். அங்கேதான் என் பாட்டில்கள் இருக்கின்றன. பழைய மருந்து பாட்டில், மூடி தொலைந்த ஜாடி, வாய் உடைந்த பூஜாடி என்று ஏழெட்டு. எல்லாவற்றிலும் தண்ணீர், தண்ணீரில் செடி. மண் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பெரியம்மா மண்காரர். அவர் கையில் எப்போது பார்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருக்கும். அன்றைக்கு என் பெரிய மணி பிளாண்ட்டின் முன்னால் நின்று, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார்.

"என்னடா, இது பிடிச்சிருச்சா?"

"மூணு வருஷமாச்சு பெரியம்மா. அதெல்லாம் எப்பவோ பிடிச்சிருச்சு."

கொடியின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே இழுத்தார். செடி வைப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். நட்ட போத்து அசையாமல் எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். என் செடி எதிர்க்கவில்லை. மொத்தமும் வேரோடு, சொட்டச் சொட்ட, அவர் கையோடு வெளியே வந்துவிட்டது.

"எதைப் பிடிச்சிருக்கு?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பாட்டிலில் திரும்ப இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "உசிரோட இருக்கு. ஆனா வளர்றது வேற" என்றார். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். அவர் அன்றைக்கே அதை மறந்திருப்பார். எனக்குத்தான் அந்த வாக்கியம் காலில் தைத்த முள் மாதிரி வாரக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருஷமாக நான் வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, இரண்டு விரலால் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தண்ணீருக்கு வந்ததே மண்ணில் தோற்றுத்தான். தொட்டியில் வைத்த செடி எதுவும் என்னிடம் பிழைத்ததில்லை. அன்பு மிகுதியால் தினமும் தண்ணீர் ஊற்றுவேன். நாலு வாரத்தில் தண்டின் அடி கொழகொழவென்று ஆகி, தொட்டால் கையோடு வந்துவிடும். மூன்றாவது செடியும் அப்படிப் போனபோது, மிச்சமிருந்த நல்ல நுனியைக் கிள்ளித் தூக்கிப்போட மனசில்லாமல் ஒரு பாட்டில் தண்ணீரில் செருகினேன். பத்தே நாளில், இலைக்காம்புக்குக் கீழே பழுப்பாகக் குமிழ்த்திருந்த இடத்திலிருந்து, அரிசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் அது ஒரு விரற்கடை நீளத்துக்கு வந்தது. தொட்டியில் நடப்பது எல்லாம் திரைமறைவில் நடக்கும். இங்கே எல்லாமே கண்ணெதிரே. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் வேரைப் பார்ப்பது என்று ஒரு பழக்கமே வந்துவிட்டது.

## தண்ணீரில் ஏன் அழுகவில்லை?

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. தொட்டியில் தண்ணீர் கூடியதால் அழுகிய அதே செடி, முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே நிற்கும்போது மட்டும் எப்படி அழுகாமல் இருக்கிறது? தண்ணீர்தான் கொன்றது என்றால் இங்கே ஒரே நாளில் செத்திருக்க வேண்டுமே.

கொன்றது தண்ணீர் இல்லை, மூச்சுத்திணறல். வேரும் மூச்சு விடுகிறது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். நல்ல மண்ணில் மணிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் காற்று இருக்கும். ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சந்துகள் அடைந்துவிடும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகரும் வேகம், காற்றில் நகர்வதைப்போல் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அடைந்த தொட்டியில் வேர் இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிடும், புதிதாக வந்து சேர்வதற்கு வழியில்லை. காற்றில்லாத அந்த ஈரத்தில் அழுகல் பூஞ்சைகள் குடியேறிவிடும். பாட்டிலிலும் ஆக்சிஜன் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது என்றால், 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்குவது 9 மில்லிகிராம்தான். 30 டிகிரிக்கு ஏறினால் அதுவும் ஏழரைக்கு இறங்கிவிடும். வெயில் படும் ஜன்னலில் வைத்த பாட்டில் சீக்கிரம் நாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆனாலும் பாட்டில் தண்ணீர் அசையும், மேல்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும், வாரம் ஒருமுறை நாம் மாற்றும்போது புதுக் காற்று கரைந்து வரும். அதைவிட முக்கியமான ஒன்று, தண்ணீரில் பிறந்த வேர் தண்ணீருக்கென்றே பிறக்கிறது. அதன் சதைக்குள் காற்று போய்வரக் குழல் குழலாக இடைவெளிகள் உண்டாகின்றன. மண்வேரில் பஞ்சு போலப் படர்ந்திருக்கும் வேர்த்தூவிகள் இதில் அவ்வளவு இருக்காது. வெள்ளையாக, வழவழவென்று, கொஞ்சம் அழுத்தினால் முறிகிற மாதிரி இருக்கும்.

மண்ணில் வளர்ந்த செடியை வேரைக் கழுவித் தண்ணீரில் வைத்தால் பழைய வேரில் பெரும்பகுதி அழுகிப்போய்ப் புது வேர் வருவது இதனால்தான். தண்ணீரில் பழகியதை மண்ணுக்கு மாற்றினால் மறுநாளே தலை தொங்குவதும் இதனால்தான். பெரியம்மாவின் சொல் பொறுக்காமல் ஒரு கிளையை வெட்டி மண்ணில் வைத்துப் பார்த்தேன். தொங்கியது. முதல் இரண்டு வாரம் மண்ணைச் சகதிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காயவிட்டிருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டபோது அது போய்ச் சேர்ந்திருந்தது.

பாட்டிலை விளிம்புவரை நிரப்பாமல், வேரின் மேல்பகுதி கொஞ்சம் காற்றில் நிற்கும்படி விட்டால் செடி இன்னும் நிம்மதியாக இருக்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பம்பும் மின்சாரமும் இல்லாமல் தண்ணீரில் பயிர் வளர்க்க வகுத்த முறை முழுக்க இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும், விட்ட இடத்தில் நிற்கும் வேர் காற்றைக் குடிக்கும்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, பெரியம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேர் நன்றாக இருக்கிறது, மூச்சு விடுகிறது, அழுகவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

## தழும்புகள்

செல்போனில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, இதே ஜன்னலில் இதே பாட்டிலை எடுத்த பழைய படம் ஒன்று வந்தது. சரியாக இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, இலைகளை எண்ணினேன். ஒன்பது. எழுந்துபோய் விளக்கைப் போட்டுச் செடியை எண்ணினேன். ஒன்பது.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் உட்கார்ந்து கொடியைக் கீழிருந்து மேலாக விரலால் தடவிக்கொண்டே வந்தேன். கொடி நீண்டிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. படத்தில் பாட்டிலை ஒட்டி நின்றது இப்போது ஜன்னல் கம்பியைத் தாண்டிப் போயிருந்தது. ஆனால் அடிப்பகுதி முழுக்க வெறும் தண்டு. ஒவ்வொரு கணுவிலும் நகக்குறி பதிந்த மாதிரி ஒரு வளையத் தழும்பு. இலை கழன்று விழுந்த இடம் அது. எண்ணினேன், பதினொன்று. இரண்டு வருஷத்தில் பதினோரு இலை புதிதாக விட்டிருக்கிறது, பதினோரு இலை உதிர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தளிர் விரியும்போதும் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன், சிலதைப் படம்கூட எடுத்திருக்கிறேன். கீழே ஒரு இலை பழுக்கும்போது, "வயசாகிவிட்டது" என்று கிள்ளிப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. மிச்சமிருந்ததில் மூத்த இலை என் உள்ளங்கை அளவு. நுனியில் கடைசியாக விரிந்தது கட்டைவிரல் நீளம்கூட இல்லை, நிறமும் வெளிறியிருந்தது.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று சொல்வோம். இங்கே குருத்து சிரிக்கவில்லை, பழுத்ததைத் தின்றுகொண்டிருந்தது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இவற்றையெல்லாம் செடியால் இடம் மாற்ற முடியும். வெளியிலிருந்து வரத்து இல்லையென்றால், மூத்த இலையில் இருக்கும் பச்சையத்தையும் புரதத்தையும் பிரித்தெடுத்து நுனிக்கு அனுப்பிவிடும். நாம் பழுப்பு என்று பார்ப்பது அந்தக் காலிசெய்தலைத்தான். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் அப்படியில்லை. ஒரு இலையில் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான், லேசில் திரும்பி வராது. அதனால் அவை பற்றாமல் போனால் அடி இலை பச்சையாகவே இருக்கும், தளிர்தான் வெளிறிச் சுருங்கும். என் செடியில் இரண்டு அடையாளமும் ஒன்றாக இருந்தன. மேலும் கீழும் பசி.

இதில் நான் செய்த பெரிய தவறு, செடிக்கு நல்லது செய்கிறேன் என்று குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரை ஊற்றியது. குழாய் நீரில் குளோரின் இருக்கிறதே என்ற பயம். அந்த இயந்திரம் நீரில் கரைந்திருக்கும் உப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எடுத்துவிடும். சுண்ணாம்பும் மெக்னீசியமும் அந்த உப்பில்தான் இருந்தன. குளோரினுக்கு, பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்திருந்தாலே பெரும்பாலும் போதும். (குளோரமைன் கலந்த நீர் என்றால் அது அவ்வளவு சுலபமாகப் போகாது.) மூன்று வருஷமாகப் பளிங்கு போன்ற தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பட்டினி போட்டிருக்கிறேன்.

கண்ணாடிப் பாட்டில் நம்மை ஏமாற்றுகிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. வேர் தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது, அதனால் எல்லாமே தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீரில் இல்லாதது மட்டும் எந்தக் கண்ணாடி வழியாகவும் தெரியாது. "பராமரிப்பே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்" என்று சொல்கிறவர்கள்மேல் எனக்கு இப்போது கோபமே உண்டு. அந்தப் பேச்சு உண்மையாகத் தோன்றுவதற்குக் காரணம் மணி பிளாண்ட்டின் பொறுமை. அது சாவதற்கு அவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறது. கணு இல்லாமல் வெறும் இலையைக் காம்போடு தண்ணீரில் போட்டால்கூட வேர் விட்டுவிடும். ஒருமுறை டம்ளரில் அப்படி ஒன்று எட்டு மாதம் பச்சையாக இருந்தது. ஆனால் மொட்டு இருப்பது கணுவில்தானே. அதில் தளிர் என்ற ஒன்று எந்தக் காலத்திலும் வந்திருக்காது. இலையும் வேரும் மட்டும், நடுவில் ஒன்றுமில்லை. பெரியம்மா அதைப் பார்த்திருந்தால் இன்னும் பொருத்தமாகவே சொல்லியிருப்பார்.

## இரண்டு அவுன்ஸ்

நான் தனி ஆள் இல்லை என்பதில் ஒரு ஆறுதல். பிரஸல்ஸ்காரரான யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் 17ஆம் நூற்றாண்டில் இதே தவறைப் பெரிய அளவில் செய்திருக்கிறார். உலர்த்திய மண் 200 பவுண்டு எடைபோட்டுத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். தூசி விழாமல் இருக்கத் துளையிட்ட தகடு போட்டு மூடினார். மழைநீரும் வடித்த நீரும் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. ஐந்து வருஷம் கழித்து மரம் 169 பவுண்டுக்குச் சொச்சம் இருந்தது. உதிர்ந்த இலைகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார், பாருங்கள், அவரும் உதிர்ந்த இலையை எண்ணவில்லை. மண்ணை மறுபடி உலர்த்தி எடைபோட்டால் குறைந்திருந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். ஆக, கட்டையும் பட்டையும் வேரும் எல்லாமே தண்ணீரிலிருந்து வந்தவை என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபிறகு 1648இல் வெளியான தொகுப்பில் இது இருக்கிறது.

மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றிலிருக்கும் கரியமில வாயுவிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், "கேஸ்" என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் எனக்கு அந்தப் பெரிய எண்ணைவிட, அவர் பொருட்படுத்தாமல் விட்ட 2 அவுன்ஸ்தான் மனதில் நிற்கிறது. இன்றைய கணக்கில் ஐம்பத்தேழு கிராம் வரும், கையில் அள்ளினால் ஒரு பிடிகூட இல்லை. மரம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட தழைச்சத்தும் இரும்பும் சுண்ணாம்பும் மற்றவையும் அதற்குள்தான் இருந்தன. ஜான் உட்வர்ட் என்பவர் லண்டனில் புதினாவை வெவ்வேறு தண்ணீரில் வளர்த்து எடைபோட்டுப் பார்த்து, 1699இல் அதை வெளியிட்டார். மழைநீரில் நின்றதைவிடத் தோட்டமண் கலந்த நீரில் நின்றது பல மடங்கு வளர்ந்தது. 1860 வாக்கில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னாப்பும் மண்ணே இல்லாமல், உப்புகளைக் கரைத்த நீரிலேயே செடியை முழுதாக வளர்த்துக் காட்டினார்கள். மண்ணிலிருந்து செடி எடுத்துக்கொள்ளும் சத்துகள் 14 என்று இப்போது பட்டியலே இருக்கிறது. கடைசியாகச் சேர்ந்த நிக்கலுக்கு 1980களில்தான் இடம் கிடைத்தது. என் பாட்டிலில் அந்தப் பதினான்கில் எது இருந்தது என்று கேட்டால், பழைய இலைகளில் இருந்ததுதான்.

சரி, உரம் போடலாம் என்று ஆரம்பித்தேன். தொட்டிச் செடிக்குப் போடும் திரவ உரத்தைக் குப்பியில் எழுதியிருந்த அளவுக்கே கலந்தேன். ஐந்தாறு நாளில் வேர்நுனிகள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன. உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதோடு, மண்ணுக்கான உரங்கள் பலவற்றில் தழைச்சத்து யூரியாவாக இருக்கும். அதைப் பக்குவம் செய்து கொடுக்க மண்ணில் நுண்ணுயிர்கள் உண்டு, என் பாட்டிலில் அந்தச் சமையல்காரர்கள் போதிய அளவு இல்லை. நைட்ரேட்டும் சுண்ணாம்புச்சத்தும் நுண்ணூட்டங்களும் சேர்ந்த, மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்க்கும் செடிகளுக்கான ஹைட்ரோபோனிக்ஸ் உரத்தை, சொன்ன அளவில் கால்வாசி மட்டும் கலந்து, மாதத்தில் இரண்டு முறை கொடுத்தபிறகுதான் செடி சமாதானமானது.

அடுத்த தொல்லை பாசி. வெளிச்சமும் சத்தும் ஒன்றாகக் கிடைத்தால் அது சும்மா இருக்குமா? பத்து நாளில் பாட்டில் உள்பக்கம் பச்சை வெல்வெட் ஒட்டியது. வேர்மேலும் படர்ந்து, அந்த வெள்ளையையே காணோம். வழி ஒன்றுதான், வெளிச்சத்தை மறைக்க வேண்டும். நான் எதற்காகத் தண்ணீருக்கு வந்தேனோ, காலையில் எழுந்து பார்க்கும் அந்த வேர், அதையே மறைக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் ஜோடி தொலைந்த ஒரு கறுப்பு சாக்ஸை எடுத்துப் பாட்டிலுக்கு மாட்டிவிட்டேன். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது சாக்ஸைக் கழற்றி, பாட்டிலின் உள்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறேன். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது, ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த ஐந்து நிமிஷம்தான் இப்போது வேரைப் பார்க்கிற நேரம்.

பெரியம்மா போன மாதம் வந்தார். வழக்கம்போல நேராக ஜன்னலுக்குப் போனார்.

"பாட்டிலுக்கு எதுக்குடா காலுறை?"

சொன்னேன். இலை எண்ணிய கதையையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே குனிந்து கொடியின் அடியைப் பார்த்தார், தழும்புகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நுனியில் குழல் மாதிரிச் சுருண்டிருந்த தளிரை விரித்துவிடாமல் லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"இப்ப எத்தனை?"

"பதினாலு. நாலு மாசமா கீழ ஒண்ணும் பழுக்கல."

தண்டைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கைப்பையிலிருந்து பழைய காகிதத்தில் சுற்றிய ஒரு கிளையை எடுத்து நீட்டினார். கோலியஸ், வண்ண இலைச் செடி. அவர் வீட்டுத் தொட்டியில் எறும்பு புகுந்து வேர் காய்ந்துகொண்டு வருகிறதாம்.

"மண்ணுல நிக்க மாட்டேங்குது. உன் தண்ணில கொஞ்ச நாள் வச்சுப் பாரு" என்றார். பிறகு, "இன்னொரு சாக்ஸ் இருக்கா?" என்றார்.